கீமோதெரபியின் முதல் நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீமோவுக்குத் தேதி குறித்த நாளிலிருந்தே மனதில் கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். மீதியைக் கேட்கத் தயக்கமாக இருக்கும். முதல் ஊசி ஏறும் நாள் தொடங்கி அடுத்த சுற்று வரையிலான நாட்களைப் பற்றி நோயாளிகளும் கூட இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீமோ என்பது ஒரே மருந்து இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு அது பொதுப்பெயர். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் உங்கள் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ளவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அந்தப் பெயர்களைப் பொறுத்தது. இங்கே இருப்பதும் உங்கள் டாக்டர் சொல்வதும் வேறுபட்டால், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் என்னதான் நடக்கும்?

பெரும்பாலும் காத்திருத்தல்தான். முதலில் உயரமும் எடையும் பார்ப்பார்கள். பல கீமோ மருந்துகளின் அளவை உடலின் பரப்பளவை வைத்துக் கணக்கிடுவதால், இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பிறகு ரத்தப் பரிசோதனை: வெள்ளணுக்கள், தட்டணுக்கள், ஹீமோகுளோபின், சிறுநீரகம், கல்லீரல். எல்லாம் சரியாக இருந்தால்தான் மருந்தைக் கலக்கச் சொல்வார்கள். உங்கள் பெயருக்கு, உங்கள் அளவுக்கு என்று தனியாகக் கலந்து வர நேரம் பிடிக்கும். "காலையிலேயே வந்துவிட்டோம், இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லையே" என்ற எரிச்சல் இந்த இடைவெளியில்தான் வரும்.

அப்புறம் கை நரம்பில் ஊசி குத்தி, முதலில் வாந்தித் தடுப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். சில மருந்துகளுக்கு அலர்ஜித் தடுப்பு ஊசியும் உண்டு. குழாயைக் கழுவ சலைன் விடும்போது சிலருக்கு வாயில் உப்பாகவோ உலோகம் போலவோ ஒரு சுவை வரும். நாக்கில் ஒன்றுமே படாமல் சுவை தெரிவது விநோதமாக இருக்கும், ஆனால் அதில் கெடுதல் இல்லை.

அதற்குப் பிறகுதான் கீமோ. பெரும்பாலான மருந்துகள் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். டாக்ஸோரூபிசின் நல்ல சிவப்பு. அதைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து வந்து, நர்ஸ் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சலைன் ஓடிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். நடுநடுவே நிறுத்தி, சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்வதற்காக அது. ஒவ்வொரு மருந்துக்கு முன்பும் உங்கள் பெயரைக் கேட்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் முழுப்பெயரைச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

மருந்தைப் பொறுத்து அரை மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை ஆகலாம். சில மருந்துகளைச் சிறிய பம்ப்பில் பொருத்தி வீட்டுக்கே அனுப்புவார்கள்; இரண்டு நாள் போல இடுப்பில் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் தடவை வேண்டுமென்றே மெதுவாக ஏற்றுவதால் கூடுதல் நேரம் ஆகும்.

சுலபமாக மடித்துவிடக்கூடிய தளர்வான கைச்சட்டை, ஒரு போர்வை, காலுறை, தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர் போதும். புத்தகம் எடுத்துப் போகலாம், ஆனால் படித்து முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அலர்ஜித் தடுப்பு ஊசி பலரையும் தூங்க வைத்துவிடும். அதே காரணத்தால் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

ஊசி ஏறும்போது வலிக்குமா?

குத்தும்போது இருக்கும் வலி மட்டும்தான். மருந்து ஏறுகையில் கை ஜில்லென்று இருக்கலாம். அதற்கு மேல் எரிச்சல், சுருக்கென்ற வலி, ஊசி இருக்கும் இடத்தில் வீக்கம், சிவப்பு என்று எது தெரிந்தாலும் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து நரம்பிலிருந்து வெளியே கசிந்தால் சில மருந்துகள் தசையையே புண்ணாக்கிவிடும். "அவரே வேலையாக இருக்கிறார், ஐந்து நிமிஷம் கழித்துச் சொல்லலாம்" என்று நினைக்கும் இடம் இதுவல்ல.

மூச்சு முட்டுதல், நெஞ்சு இறுக்கம், முகம் சூடாகிச் சிவத்தல், திடீர் முதுகுவலி, உடம்பெல்லாம் அரிப்பு, நடுக்கம் ஆகியவையும் அப்படித்தான். இவை அலர்ஜியின் அறிகுறிகள். பாக்லிடாக்செல் போன்ற மருந்துகளில் இது பெரும்பாலும் முதல் இரண்டு தடவைகளில், மருந்து ஏற ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே வரும். உடனே நிறுத்தி மாற்று ஊசி போட்டால் பொதுவாக அடங்கிவிடும். பலருக்கு அன்றைக்கே மெதுவாக மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.

போர்ட் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தேவையா?

கை நரம்புகள் மெல்லியதாக இருந்தாலோ, பல மாதம் சிகிச்சை இருந்தாலோ, நரம்பைப் புண்ணாக்கும் மருந்தாக இருந்தாலோ வைத்துக்கொள்வது நல்லது. கை நரம்புக்குப் பதிலாக மருந்து ஏற்றுவதற்கு, மார்பில் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் கருவி அது. சின்ன அறுவை, அடைப்பும் தொற்றும் வர ஓரளவு வாய்ப்பு, இவைதான் அதன் தொல்லை. ஒவ்வொரு தடவையும் நரம்பு கிடைக்காமல் நாலைந்து இடத்தில் குத்து வாங்குவதோடு ஒப்பிட்டால் போர்ட்டே மேல் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

டாக்ஸோரூபிசின் அல்லது எபிரூபிசின் போட்டிருந்தால், அது மருந்தின் நிறம். ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். அந்த மருந்துகள் இல்லாமல் சிவப்பாகப் போனாலோ, எரிச்சலோடு போனாலோ, சிவப்பு நிற்காமல் தொடர்ந்தாலோ ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை உறுத்தும் மருந்து. அதைப் போட்டவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, அதை வெளியேற்றிவிடுவது நல்லது.

வாந்தி எப்போது ஆரம்பிக்கும்? தாங்க முடியுமா?

கீமோ என்றதும் நம் கண்முன் வரும் காட்சி, இடைவிடாமல் வாந்தி எடுக்கும் நோயாளி. அந்தக் காட்சி பழையது. வாந்தித் தடுப்பு மருந்தான ஒன்டான்செட்ரான் 1990களின் தொடக்கத்தில் வந்தது. 2003-ல் அப்ரெபிடன்ட், பாலோனோசெட்ரான் இரண்டும் சேர்ந்தன. இப்போது ஓலான்சபின் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இவற்றைச் சரியான ஜோடியில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வாந்தியைத் தடுத்துவிட முடிகிறது. குமட்டல்தான் இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

வாந்தி இரண்டு கட்டமாக வரும். ஒன்று, மருந்து ஏறிய முதல் 24 மணி நேரத்தில். இன்னொன்று, மறுநாளுக்குப் பிறகு, ஐந்தாம் நாள் வரைக்கும். சிஸ்பிளாட்டின் போட்டவர்களுக்கு இந்த இரண்டாவது கட்டம் முக்கியம். முதல் நாள் ஒன்றும் இல்லை என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் நாள் மாட்டிக்கொள்வார்கள். வேளாவேளைக்குப் போடச் சொன்ன மாத்திரையைக் குமட்டல் இல்லாவிட்டாலும் போடுங்கள். தேவைப்பட்டால் போடச் சொன்னதைக் குமட்டல் லேசாகத் தலைகாட்டும்போதே போடுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு மாத்திரை வயிற்றில் தங்காது.

மூன்றாவதாக இன்னொரு வகை இருக்கிறது. முதல் சுற்றில் மோசமாக வாந்தி எடுத்தவர்களுக்கு, அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலில் அந்த வாடை மூக்கில் பட்டதுமே குமட்டும். மருந்து இன்னும் உடம்பில் ஏறியிருக்கவே ஏறியிருக்காது. மூளை கற்றுக்கொண்ட பாடம் அது. ஒருமுறை வந்துவிட்டால் வாந்தி மாத்திரைக்கு அவ்வளவு சுலபமாக அடங்காது. அதனால்தான் முதல் சுற்றிலேயே வாந்தியை அடக்கிவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு பேசாமல் இருக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்றால் மாற்று மருந்து இருக்கிறது. போன் பண்ணிக் கேளுங்கள்.

குடித்த தண்ணீர்கூட 24 மணி நேரமாகத் தங்கவில்லை, தலை சுற்றுகிறது, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமே போகிறது என்றால் வீட்டில் இருக்க வேண்டாம். சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் நன்றாக இருந்தேன். மூன்றாம் நாள் திடீரென்று விழுந்துவிட்டேன். ஏன்?

ஸ்டீராய்டு நின்றுபோனதால் இருக்கலாம். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் முதல் ஓரிரு நாள் செயற்கையாக ஒரு தெம்பைத் தரும். முகம் சிவந்து சூடாக இருக்கும், பசி எடுக்கும், ராத்திரி கொட்டக்கொட்ட விழித்திருப்பீர்கள், சிலருக்கு நிற்காத விக்கல்கூட வரும். அது நின்றதும் உடம்பு தொப்பென்று இறங்கிவிடும். உடல்வலி, சோர்வு, காரணமில்லாத அழுகை எல்லாம் சேர்ந்து வரும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப்போவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடும்.

ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு போட்டால் தூக்கம் அவ்வளவு கெடாது. இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மதியத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த நாட்களில் சர்க்கரை நன்றாக ஏறும். வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். மாத்திரை அல்லது இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சாப்பாடு இறங்கவில்லை. கட்டாயப்படுத்தலாமா?

முதல் மூன்று நான்கு நாள் சாப்பாடு குறைந்தால் பரவாயில்லை. தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க முடியாதவர்கள் பத்து நிமிஷத்துக்கு இரண்டு மடக்கு என்று குடிக்கலாம். சாப்பாட்டையும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு; குமட்டும் நாட்களில் அதுவே சுலபமாக இறங்கும். சமைக்கும் வாசனை எட்டாத அறையில் நோயாளி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உலோகச் சுவை தெரிந்தால் ஸ்பூனை பிளாஸ்டிக்குக்கோ மரத்துக்கோ மாற்றிப் பாருங்கள்.

பாசத்தில் எல்லோரும் செய்யும் ஒரு காரியம்: கீமோ முடிந்து வந்தவருக்கு அவருக்கு ரொம்பப் பிடித்ததைச் சமைத்து வைப்பது. தயவுசெய்து வேண்டாம். 1978-ல் வெளியான ஓர் ஆய்வில், கீமோவுக்கு முன்னால் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். பிறகு அதே ஐஸ்கிரீமை நீட்டியபோது பல குழந்தைகள் ஒதுக்கிவிட்டார்கள். குமட்டலோடு சேர்ந்து உள்ளே போன உணவை உடம்பு எதிரியாகக் குறித்துக்கொள்கிறது. பிடித்த சாப்பாட்டை, வாய் தேறிய இரண்டாவது வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

பச்சை முட்டை, சரியாக வேகாத இறைச்சி, காய்ச்சாத பால் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பழம், காய்கறியை நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். பச்சையாக எதையுமே தொடக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு தொற்றைக் குறைத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனாலும் சில ஆஸ்பத்திரிகளில், முக்கியமாக ரத்தப் புற்றுநோய் வார்டுகளில், அதைக் கடைப்பிடிக்கச் சொல்வார்கள். அங்கே அவர்கள் சொல்வதையே கேளுங்கள். சர்க்கரையைச் சாப்பிட்டால் கட்டி வளரும் என்று சொல்லி, இறங்குகிற ஒன்றிரண்டு பண்டங்களையும் பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. எடை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது பெரிய கவலை.

மலச்சிக்கலா, வயிற்றுப்போக்கா, எதை எதிர்பார்க்க வேண்டும்?

இரண்டையும். ஒன்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். வின்கிரிஸ்டின் குடலின் அசைவையே மந்தப்படுத்தும். வலி மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசுவதில்லை, ஆனால் முதல் வாரத்தில் பலரையும் அதிகமாகப் படுத்துவது இதுதான். மலமிளக்கியை முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். எனிமாவும் ஆசனவாயில் வைக்கும் மருந்தும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வெள்ளணு குறைந்திருக்கும்போது அங்கே ஏற்படும் சின்னக் கீறலும் தொற்றுக்கு வழி.

இரினோடிகான், 5-எஃப்யூ, கேபசிடபின் போன்றவற்றில் வயிற்றுப்போக்கு வரலாம். வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடுதலாகப் போனால், ராத்திரியிலும் போனால், ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தால் உடனே சொல்ல வேண்டும். லோபரமைடு மாத்திரையை எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

காய்ச்சல் வந்தால் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுவும் அப்படித்தான். பல மருந்துகளில், போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். விசித்திரம் என்னவென்றால், நோயாளி நன்றாகத் தேறி எழுந்து நடமாட ஆரம்பிப்பதும் இதே நாட்களில்தான். பார்க்கத் தெம்பாக இருப்பார், உள்ளே காவலுக்கு ஆளிருக்காது.

அந்த நேரத்தில் தொற்று வந்தால் சீழ், சிவப்பு, வீக்கம் என்று வழக்கமான அடையாளம் எதுவும் தெரியாமல் போகலாம். ஏனென்றால் அவற்றை உண்டாக்குவதே வெள்ளணுக்கள்தான். மிஞ்சியிருக்கும் ஒரே எச்சரிக்கை மணி, காய்ச்சல். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சில இடங்களில் இந்த எல்லையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த எண் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. காய்ச்சல் இல்லாமலே உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டாலும், மூச்சு வாங்கினாலும், பேச்சு குழறினாலும் அதே அவசரம்தான்.

செய்யவே கூடாதது: தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் பாரசிட்டமால் போடுவது. காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று உள்ளேயே பரவும். தலைவலிக்கு என்றாலும் முதலில் உடல்சூட்டைப் பாருங்கள். பெரியவர்கள் வாயிலோ அக்குளிலோ காதிலோ வைத்துப் பார்க்கலாம், ஆசனவாயில் வேண்டாம்.

அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "கீமோ நடக்கிறது, இந்தத் தேதியில் போட்டார்கள், காய்ச்சல் இவ்வளவு." வெள்ளணு குறைந்த நிலையில் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டும் என்பது மருத்துவ உலகில் ஏற்றுக்கொண்ட இலக்கு. வரிசையில் உட்கார்ந்து உங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டாம். அங்கே குரலை உயர்த்தினாலும் தப்பில்லை.

மறுநாள் இன்னொரு ஊசி போட வரச் சொல்கிறார்கள். அது எதற்கு?

ஃபில்கிராஸ்டிம் அல்லது பெக்ஃபில்கிராஸ்டிமாக இருக்கும். மஜ்ஜையைத் தூண்டி வெள்ளணுவைப் பெருக்கும். கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் போடுவார்கள். இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு குடைவது போல வலிக்கலாம். வலிக்கு எதைப் போடலாம் என்று ஊசி போடும்போதே கேட்டுவிடுங்கள்.

பேரன் பேத்தியைத் தூக்கக் கூடாதா? விருந்தினர் வரலாமா?

தாராளமாகத் தூக்கலாம், கொஞ்சலாம். கீமோ தொட்டால் ஒட்டிக்கொள்ளும் விஷயம் இல்லை. சளி, காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் மட்டும் கிட்டே வர வேண்டாம், குழந்தையாக இருந்தாலும் சரி. மற்றவர்கள் கையைக் கழுவிவிட்டு வரட்டும். கூட்டமான, காற்றோட்டமில்லாத இடங்களை இரண்டாவது வாரத்தில் தவிர்த்தால் போதும். வீட்டு நாயையும் பூனையையும் துரத்த வேண்டியதில்லை, அவற்றின் கழிவை வேறு யாராவது அள்ளட்டும்.

கழிப்பறையைத் தனியாக வைக்க வேண்டுமா?

தேவையில்லை. மருந்து பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். அந்த இரண்டு நாள் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழித்தால் தெறிக்காது. வாந்தி எடுத்த பாத்திரம், நனைந்த துணி இவற்றைக் கையுறை போட்டுக் கையாண்டு, துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தாம்பத்தியம்?

உடம்பும் மனசும் ஒத்துழைத்தால் தடை இல்லை. முதல் சில நாட்கள் ஆணுறை அவசியம். சிகிச்சைக் காலம் முழுக்கவும், முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் காலம் வரைக்கும், கருத்தரிக்கக் கூடாது. ஆணுக்குச் சிகிச்சை என்றாலும் இதே விதிதான். பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றி முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வெட்கத்தில் இதைக் கேட்காமல் விட்டால் பிறகு வழி குறைவு.

வாய்ப்புண் வராமல் தடுக்க முடியுமா?

முழுக்க முடியாது, குறைக்கலாம். ஐந்தாம் நாள் வாக்கில் நாக்கு எரிய ஆரம்பிக்கலாம். மிக மென்மையான பிரஷ், ஆல்கஹால் இல்லாத கொப்புளிப்பு. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு கலந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்புளித்துத் துப்புங்கள். 5-எஃப்யூவை ஊசியாக வேகமாக ஏற்றும்போது ஐஸ் துண்டை வாயில் வைத்திருந்தால் புண் குறைகிறது. ஆனால் கூடவே ஆக்ஸாலிபிளாட்டினும் இருந்தால் ஐஸ் கூடவே கூடாது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஃபிரிட்ஜைத் திறந்ததும் விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்தது போல இருக்கிறது. என்ன இது?

அது ஆக்ஸாலிபிளாட்டின் செய்யும் வேலை. முதல் சில நாட்களுக்குக் குளிர்ந்தது எது பட்டாலும் விரலும் உதடும் சுருக்கென்று குத்தும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் மூச்சு நிற்பதில்லை, ஆனால் அனுபவிப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். வெதுவெதுப்பாகக் குடித்து, கையுறை போட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் போதும். மூச்சுத்திணறல் நிஜமாகவே தொடர்ந்தால், அல்லது அரிப்பும் வீக்கமும் சேர்ந்தால், அது அலர்ஜியாக இருக்கலாம்; ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாக்லிடாக்செலில் மரத்துப்போதல் மெதுவாக வரும். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, செருப்பு நழுவியது தெரியவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்க அவருக்கு இதுதான் தகவல்.

முடி எப்போது கொட்டும்?

கொட்டக்கூடிய மருந்தாக இருந்தால் முதல் ஊசியிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில். எல்லா மருந்துக்கும் கொட்டாது. கொட்டுவதற்கு முன் தலைத்தோல் தொட்டாலே வலிக்கும். முன்கூட்டியே கட்டையாக வெட்டிக்கொண்டவர்களுக்குத் தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கும் அதிர்ச்சி குறைவு. தலையைக் குளிரவைக்கும் தொப்பி சில ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். முதல் ஊசியன்றே, மருந்து ஏறும் முன்பே போட வேண்டும். கொட்ட ஆரம்பித்த பிறகு பலன் இல்லை.

வேறு மாத்திரைகள், மூலிகை, வைட்டமின் எடுக்கலாமா?

வழக்கமான பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். "இயற்கையானதுதானே" என்று யாராவது கொண்டுவந்து கொடுக்கும் பொடியும் கஷாயமும் கல்லீரல் வழியாகத்தான் போகும். பல கீமோ மருந்துகளுக்கும் அதுவே பாதை. ஒன்றோடு ஒன்று மோதினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும் அல்லது இறங்கும். கொடுத்தவரிடம் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளையும், உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளையும் கேட்காமல் எடுக்கவே கூடாது.

எனக்குப் பக்கவிளைவே இல்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. நிம்மதியாக இருங்கள்.

படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். கீமோ சோர்வு தூங்கினால் தீரும் சோர்வு இல்லை. தினமும் கொஞ்சம் நடப்பது அதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். மோசமான நாளில் அறைக்குள் நாலு நடை, நல்ல நாளில் தெருக்கோடி வரை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நடையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் "தைரியமாக இரு" என்கிறார்கள்.

அவர்களுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். தைரியமாக இருந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அழலாம், எரிந்து விழலாம். பல நாள் தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சிகிச்சையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் வாந்தியைச் சொல்வது போலவே இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கும் மருந்தும் ஆளும் உண்டு.

கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, கீமோ போட்டு எத்தனையாவது நாள், உடல்சூடு, வாந்தி, மலம், எவ்வளவு குடித்தார், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. முதல் பக்கத்தில் மருந்துகளின் பெயரும், ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண்ணும். "ஏதாவது வேண்டுமா?" என்று மணிக்கொரு தடவை கேட்பதைவிட, கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது நல்லது. அப்புறம், நீங்களும் தூங்க வேண்டும். ஒரு இரவாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டாவது சுற்றும் இப்படியேதான் இருக்குமா?

அதே மருந்து என்றால், எந்த நாளில் எது வரும் என்ற வரிசை பெரும்பாலும் அப்படியே திரும்ப வரும். சோர்வு மட்டும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகலாம். ஆனால் வாந்தி மாத்திரையை மாற்றலாம், மலமிளக்கியை முன்னாலேயே ஆரம்பிக்கலாம், ஸ்டீராய்டைக் குறைக்கலாம், கீமோவின் அளவையே சரிசெய்யலாம். அதற்கு டாக்டருக்குத் தேவை விவரம். "ரொம்பக் கஷ்டமாக இருந்தது" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி, மாத்திரை போட்டதும் நின்றது, ஐந்தாம் நாள் வரை மலம் போகவில்லை" என்றால் செய்ய முடியும்.

ரத்தப் பரிசோதனை சரியில்லை என்று சுற்றைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஆபத்தா?

அடிக்கடி நடப்பதுதான். மஜ்ஜை இன்னும் தேறவில்லை, அதற்கு ஒரு வாரம் போலக் கொடுக்கிறார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அந்த வாரத்திலும் தெர்மாமீட்டரை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டாம்.